பளிங்கும் ஆத்தங்குடிக் கல்லும்
மயிலாப்பூர், அடையாறு பக்கம் இப்போது யாரைக் கேட்டாலும் காரைக்குடிக்குப் போய்வந்த கதைதான். கானாடுகாத்தான் பங்களாவில் இரண்டு நாள் தங்கல், தலைவாழை இலையில் சாப்பாடு, பர்மா தேக்குத் தூணில் சாய்ந்தபடி ஒரு போட்டோ. அங்கே பதித்திருக்கும் இத்தாலிப் பளிங்கைத்தான் எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நகரத்தார் கப்பலேற்றி வரவழைத்த பெருமை அது. எனக்கென்னவோ ஆத்தங்குடித் தரைக்கல்லில்தான் மனசு நிற்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, கரைத்த வண்ணச் சிமென்டைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கினால் பூ நிற்கிறது. மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டால் சரி, சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது. பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை, பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய எனாமல் தூக்குக்குப் பேரம் என்று ஓடுகிறவர்கள் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் அதிகம். அவ்வளவு தூரம் முடியாதென்றால், 1996-இல் திறந்த முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை; ஞாயிறு ஈசிஆர் நெரிசலுக்கு நான் பொறுப்பில்லை.