கோமாரி இல்லாத நாடு: சான்றிதழ் யாருக்கு, சுமை யாருக்கு?

ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் பாரிஸ் நகரத்தில் உலக விலங்கு சுகாதார அமைப்பின் பொதுச்சபை கூடுகிறது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். எந்த நாட்டில் கோமாரி இல்லை, எந்த நாட்டில் இருக்கிறது என்ற பட்டியல் அங்கேதான் முடிவாகிறது. 2025 மே கூட்டத்தில் பிரேசில் நாட்டுக்கு, 'தடுப்பூசி போடாமலேயே கோமாரி இல்லாத நாடு' என்ற அங்கீகாரம் கிடைத்தது. பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி நெல்லோர் இனம். பேரைப் பார்த்தாலே தெரியும், நம்ம பக்கத்து ஆந்திராவின் ஓங்கோல் மாடு கப்பலேறிப் போய்ப் பெருகிய வம்சம் அது. பேத்தி வீட்டுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. பாட்டி வீட்டுக்கு இன்னும் வரவில்லை.

இந்திய அரசு 2030-க்குள் கோமாரியை ஒழிப்போம் என்று சொல்லி, 2019-ல் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கோமாரிக்கும் கன்றுவீச்சு நோய்க்கும் சேர்த்து 5 ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 13,343 கோடி ரூபாய். தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களை முதலில் கோமாரி இல்லாத மண்டலங்களாக ஆக்குவோம் என்றும் பேச்சு நடக்கிறது. அப்படியென்றால் இது நம் கட்டுத்தறிக்கு வரப்போகிற விஷயம்.

இயற்கை விவசாயிகள் நடுவில் இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். "இது ஏற்றுமதிக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன?" என்பது ஒன்று. "நாட்டு மாட்டுக்குக் கோமாரி ஒண்ணும் பண்ணாது, ஊசியே வேண்டாம்" என்பது இன்னொன்று. இரண்டுமே நமக்கு நட்டம் தரும் பேச்சு. கோமாரி ஒழிய வேண்டும், அதற்கு நாம் முழு மனதோடு நிற்க வேண்டும். ஆனால் எந்த வகைச் சான்றிதழை நோக்கிப் போகிறோம், அதன் சுமையை யார் தலையில் வைக்கிறோம் என்பதில் நம் குரல் இருக்க வேண்டும். இதுதான் என் கட்சி.

ஒரு நோயை ஒழித்த நாடு இது

இந்த அமைப்பு பிறந்த கதையிலேயே நம்ம மாடு இருக்கிறது. 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கின. அவற்றோடு வெக்கை நோயும் இறங்கியது. ஐரோப்பா பயந்துபோனது. அந்தப் பயத்தில்தான் 1924-ல் 28 நாடுகள் கூடி பாரிஸில் இந்த அமைப்பை உண்டாக்கின.

அதே வெக்கை நோயை நாம் ஒழித்தும் காட்டினோம். நம் தாத்தாக்கள் ஊர் ஊராகத் தொழுவம் காலியாவதைப் பார்த்தவர்கள். பல பத்தாண்டுகள் தடுப்பூசி போட்டு, இந்தியாவின் கடைசி வெக்கை நோய்த் தாக்குதல் 1995-ல் நம் வட ஆர்க்காடு பகுதியில் பதிவானது. 2006-ல் இந்தியா வெக்கை இல்லாத நாடு என்று அங்கீகாரம் பெற்றது. 2011-ல் உலகத்திலிருந்தே அந்த நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஊர்ஊராய்ச் சைக்கிளில் பனிக்கட்டிப் பெட்டி கட்டிக்கொண்டு போன கால்நடைப் பணியாளர்களும், மாட்டைப் பிடித்துக் கொடுத்த விவசாயிகளும் சேர்ந்து செய்த வேலை அது.

கோமாரியை அவ்வளவு சுலபமாக ஒழிக்க முடியாது. வெக்கைக்கு ஒரு ஊசி போட்டால் மாட்டின் ஆயுளுக்கும் தாங்கும். கோமாரிக் கிருமியில் 7 வகை உண்டு. நம் நாட்டில் இப்போது ஓ, ஏ, ஆசியா-1 என்று மூன்று வகை சுற்றுகின்றன. ஒரு வகைக்கு வந்த எதிர்ப்பு இன்னொரு வகைக்கு உதவாது. ஊசியின் பலனும் சில மாதம்தான். அதனால்தான் 6 மாதத்துக்கு ஒருமுறை முகாம் போடுகிறார்கள். மாடு, எருமையோடு ஆடு, பன்றிக்கும் இது வரும். காட்டுப்பன்றிக்கும் மானுக்கும்கூட வரும்.

நாட்டு மாடு தாங்கும், ஆனால் பரப்பும்

கலப்பின மாட்டைவிட நாட்டு மாடு கோமாரியை நன்றாகத் தாங்குகிறது என்பது உண்மை. வாய்ப்புண், குளம்புப் புண் லேசாக வந்து போய்விடும். ஆனால் லேசாக வந்தாலும் கிருமி கிருமிதான். குணமான மாடு, எருமைகளின் தொண்டையில் மாதக்கணக்கில், சிலவற்றில் ஆண்டுக்கணக்கில்கூட கிருமி தங்கியிருக்கும். நம் காங்கேயம் எருது இரண்டு நாள் இரை எடுக்காமல் இருந்து எழுந்துவிடலாம். ஆனால் அது தண்ணீர் குடித்த தொட்டியில் வாய் வைத்த பக்கத்து வீட்டுக் கறவை மாட்டின் கதி? ஒரே மாட்டை நம்பிப் பால் ஊற்றுகிற பெண்ணின் வீட்டில் மடி வற்றினால் அந்த மாத வட்டி எப்படிக் கட்டுவார்? கன்றுகளுக்கு இருதயத்தையே தாக்கும், திடீரென்று விழுந்து செத்துப்போகும். 2013-ல் கர்நாடகத்திலும் நம் மாவட்டங்களிலும் கோமாரி ஆடிய ஆட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

மூலிகை வைத்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்து வாயில் தடவும் மருந்தும், குளம்புக்கு வேப்பிலை, குப்பைமேனி, மஞ்சள் போட்டுக் காய்ச்சிய எண்ணெயும் புண்ணை ஆற்றும், மாட்டை மறுபடி இரை எடுக்க வைக்கும். நம் கால்நடைப் பல்கலைக்கழகமே இந்த மரபு வைத்தியத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் அது வந்த பிறகு செய்வது. வராமல் தடுக்கவும், அடுத்த தொழுவத்துக்குப் போகாமல் நிறுத்தவும் ஊசிதான் வேண்டும். நோய் இருக்கிற பகுதியில் தடுப்பூசி போட அங்ககச் சான்றிதழ் விதிகளே இடம் கொடுக்கின்றன. ஊசி போட்டதால் யாருடைய இயற்கை விவசாயமும் கெட்டுவிடாது.

இரண்டு வகைச் சான்றிதழ்

கோமாரி விஷயத்தில் பாரிஸ் கொடுக்கும் அங்கீகாரம் இரண்டு வகை. 'தடுப்பூசியோடு நோய் இல்லாத நிலை' ஒன்று. 'தடுப்பூசி இல்லாமலே நோய் இல்லாத நிலை' இன்னொன்று. நாடு முழுக்கவும் வாங்கலாம், ஒரு மண்டலத்துக்கு மட்டும் வாங்கலாம். இரண்டாவதுதான் சந்தையில் விலை போகும். பணக்கார நாடுகள் அந்த இறைச்சியைத்தான் முதலில் கதவு திறந்து வாங்கும்.

ஆனால் அந்த இரண்டாவது வகையின் விலை என்ன தெரியுமா? ஊசி நின்றுவிட்டால் மந்தை மொத்தமும் எதிர்ப்பு இல்லாமல் நிற்கும். கிருமி ஒருமுறை நுழைந்தால் நெருப்புப் பிடித்த வைக்கோல்போர்தான். அப்போது விதி என்ன சொல்கிறது? நோய் வந்த மந்தையைக் கொன்று புதைத்தால் கடைசி மாட்டைக் கொன்ற 3 மாதத்தில் சான்றிதழைத் திரும்ப வாங்கலாம். அவசரத்துக்கு ஊசி போட்டு, அந்த மாடுகளை உயிரோடு வைத்துக்கொண்டால் 6 மாதம் ஆகலாம். கொன்றால் சீக்கிரம், காப்பாற்றினால் தாமதம். 2001-ல் பிரிட்டன் 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்றது. அதில் பெரும்பாலானவை நோயே வராத ஆடு மாடுகள். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரே ஒரு எருமை மந்தையில் கோமாரி வந்தது. 35 ஆண்டுக்கு மேல் வராதது ஒரு நாளில் வந்தது, சான்றிதழும் உடனே போனது. இந்தோனேசியாவும் 30 ஆண்டுக்கு மேல் நோய் இல்லாமல் இருந்து 2022-ல் இழந்தது.

நம் மாடுகள் வேலி போட்ட பண்ணையில் நிற்பவை அல்ல. பொள்ளாச்சி, மணப்பாறை சந்தைக்குப் போகும், மேய்ச்சல் காட்டில் மானோடு சேர்ந்து மேயும், ஏரித் தண்ணீரை எல்லாம் சேர்ந்து குடிக்கும். இங்கே ஊசியை நிறுத்திச் சான்றிதழ் வாங்குவது சூதாட்டம். தோற்றால் குழிக்குள் போவது நம் பர்கூர், உம்பளாச்சேரி, புலிக்குளம் மாடுகள். நூற்றாண்டுகளாகச் சேர்த்த விதையை ஒரு வாரத்தில் புதைத்துவிட்டு எந்தச் சான்றிதழை வாங்கி என்ன பண்றது?

கிடை நின்றால் நிலம் நிற்கும்

இன்னொரு ஆபத்து உண்டு. மண்டலம் என்று அறிவித்தால் எல்லை வரும், காவல் வரும். வெளி மாட்டுக்குச் சீட்டு, தனிமைக் கொட்டில் எல்லாம் வரும். 2009-ன் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி நோய்ப் பகுதியில் சந்தையை மூடவும், மாடு நடமாட்டத்தை நிறுத்தவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. நோய் நேரத்தில் அது தேவை, நான் எதிர்க்கவில்லை. ஆனால் முதலில் அடி வாங்குவது யார்? அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கை பக்கமிருந்து டெல்டாவுக்கு ஆட்டை ஓட்டிவரும் கீதாரிகள். மலையில் பட்டி போடும் பர்கூர் மாட்டுக்காரர்கள். அவர்கள் கிடை நின்றுபோனால் உரமூட்டை வாங்காத நம் வயலுக்கு எரு எங்கே? பெரிய பண்ணைக்குச் சுவரும் உண்டு, காகிதமும் உண்டு. நடந்து போகிறவனுக்குத்தான் ரெண்டும் இல்லை.

நாம் கேட்க வேண்டியது

முதலாவது, தமிழ்நாட்டின் இலக்கு தடுப்பூசியோடு நோய் இல்லாத நிலையாக இருக்க வேண்டும். ஊசியை நிறுத்தும் முடிவு மாடு வளர்ப்போரைக் கேட்காமல் எடுக்கப்படக் கூடாது.

இரண்டாவது, நோய் வந்தால் சொல்கிறவனுக்குத் தண்டனை போல ஆகக் கூடாது. சந்தை மூடினால், மாடு செத்தால் என்ன இழப்பீடு, எத்தனை நாளில் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இழப்பீடு இல்லாத இடத்தில் விவசாயி நோயை மறைத்து மாட்டை இரவோடு இரவாக விற்றுவிடுவான். அப்போது எந்தக் கண்காணிப்பும் பலிக்காது.

மூன்றாவது, கீதாரிக்கும் மலைப்பட்டிக்கும் அவர்கள் வழித்தடத்திலேயே ஊசி முகாம், அதையே அடையாளமாகக் கொண்ட நடமாட்டச் சீட்டு.

நான்காவது, ஊசி மருந்து குளிர் விடாமல் ஊர் வந்து சேர வேண்டும். காலியாகக் கிடக்கும் கால்நடை மருந்தகப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். வெயிலில் கெட்ட மருந்தைப் போட்டுவிட்டுக் கணக்கில் மட்டும் 100 சதவீதம் காட்டினால் கிருமிக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை எப்போது வரும்? நம் பங்கைச் செய்யும்போது. அடுத்த முகாமுக்கு மாட்டை ஓட்டிட்டுப் போங்க. நிறைசினை மாட்டை மட்டும் மருத்துவரிடம் கேட்டு விடுங்க. நாலு மாதம் ஆன கன்றை விட்டுடாதீங்க. ஆட்டுக்கும் ஊசி உண்டா என்று கேளுங்க. சந்தையில் வாங்கிய மாட்டை மூணு வாரம் தனியாகக் கட்டுங்க. எச்சில் ஒழுகினால், குளம்பை உதறினால் அன்றைக்கே சொல்லுங்க. அப்புறம் அடுத்த கிராம சபையில் இந்த நாலு கோரிக்கையையும் தீர்மானமாகப் போடுங்க.