நல்லன தேர்ந்து நாலுபேர்க்கு உரைக்க!

தமிழர் இருவர் ஓரிடத்தில் கூடினால், நலம் உசாவி முடித்தவுடன் அவர்தம் பேச்சு எங்குச் சென்று நிற்கின்றது? அண்மையில் படித்த நூல் எது, பார்த்த படம் எது, கைப்பேசியில் கேட்டது எது, பிள்ளைகள் ஆடும் ஆட்டம் எது என்பதில்தான் சென்று நிற்கின்றது. ஒருவர் ஒன்றைப் புகழ்ந்து சொல்ல, மற்றவர் அன்றிரவே அதனைத் தேடிப் பிடிக்கின்றார். ஆயிரம் விளம்பரம் செய்யாததை நண்பன் ஒருவனின் ஒரு சொல் செய்துவிடுகின்றது. இது மேலோட்டமாகப் பார்க்கச் சிறிய செய்தி. ஆயினும் ஒரு மொழியின் வாழ்வும் தாழ்வும் இத்தகைய திண்ணைப் பேச்சுகளிலேயே முடிவாகின்றன.

தனித்தமிழ் இயக்கமே அத்தகையதொரு பேச்சில் முளைத்ததுதான். 1916ஆம் ஆண்டு, பல்லாவரத்தில், இராமலிங்க அடிகளாரின் பாட்டொன்றைப் பாடிய வேதாசலனார், அதில் வந்த 'தேகம்' என்னும் வடசொல்லின் இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் பாட்டு மேலும் சிறந்திருக்கும் என்று தம் மகளார் நீலாம்பிகையிடம் கூறினார் என்பது இயக்க வரலாறு. அதன்பின் வேதாசலனார் மறைமலையடிகள் ஆனார். 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. அன்று பதின்மூன்று அகவைச் சிறுமியாயிருந்த நீலாம்பிகை, பின்னாளில் வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் தொகுத்து அகரவரிசையே வெளியிட்டார். தந்தையும் மகளும் ஒரு பாட்டைப் பற்றிப் பேசிய பேச்சு, ஒரு நூற்றாண்டு இயக்கத்திற்கு வித்தாயிற்று.

இன்று தமிழர் இல்லங்களில் அத்தகைய பேச்சு நிகழ்கின்றதா? நிகழ்கின்றது, ஆனால் பேசப்படும் பொருளே வேறு. தமிழில் பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு உண்டென்று தமிழ்நாட்டரசு 2006ஆம் ஆண்டு அறிவித்தவுடன், படமுதலாளிகள் ஓரிரவில் தமிழ்ப்பற்றாளர் ஆயினர். பெயர்ப்பலகை மாறிற்று, படத்தினுள் பேச்சு மாறவில்லை. 2017இல் வரிமுறையே மாறியபின் அந்தப் பெயர்ப்பற்றும் கரைந்தது. 'மாசுட்டர்' (2021), 'பீசுட்டு' (2022), 'செயிலர்' (2023) எனப் பெரும்பொருட் படங்கள் ஆங்கிலப் பெயரோடு வந்தன. தமிழர் திரண்டு சென்று பார்த்தனர். பணத்திற்காகப் பிறந்த பற்று பணத்தோடே போகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. சட்டம் தலைப்பைத்தான் திருத்தும். சுவையைத் திருத்துவது மக்கள் கடன்.

இவ்விடத்தில் தமிழ்ப்பற்றாளர் தம் குறையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். மேடையேறித் திரைப்படத்தைப் பழிப்பது எளிது. பழிப்பதனால் எந்தப் பிள்ளையும் படம் பார்ப்பதை விட்டதில்லை. 'இது தீது, அது தீது' என்று மட்டும் சொல்லும் தந்தையிடம் மகன் எதையும் கேட்பதில்லை. 'இது நன்று, இதனைப் பார்' என்று சொல்லும் தந்தையிடமே கேட்கின்றான். விலக்க வேண்டியவற்றின் பட்டியல் பற்றாளர் கையில் நீளமாக உள்ளது. கொள்ள வேண்டியவற்றின் பட்டியலோ இல்லை.

அப்பட்டியலை நூல்களிலிருந்து தொடங்கலாம். பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974இல் தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணியின் முதற்பகுதி 1985இல்தான் அச்சேறியது. அதனைக் காணாமலேயே 1981 சனவரியில் பாவாணர் மறைந்தார். 12 மடலங்களும் 31 பகுதிகளுமாக அப்பணி 2011இல் நிறைவெய்தியது. பாவாணர் பெயரைச் சொல்லும்போது உணர்ச்சி வயப்படுவோர் பலர். அந்த அகரமுதலியில் ஒரு சொல்லையேனும் புரட்டிப் பார்த்தோர் சிலர். பேரகரமுதலியைக் கண்டு மலைப்போர், அவருடைய 'சொல்லாராய்ச்சிக் கட்டுரைகள்' என்னும் சிறு நூலிலிருந்து தொடங்குக. பாவாணர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பெற்றவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசின்றிப் படிக்கலாம். விலையைக் கரணியம் காட்ட இனி வழியில்லை.

அடுத்தது, 2025 சனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை'. சிவகளையில் கிடைத்த பொருள்களின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாக அந்நூல் அறிவிக்கின்றது. இதனை ஆய்ந்து மாறுபட்டுரைக்கும் அறிஞரும் உளர். ஆகவேதான் நூலைப் படித்தல் வேண்டும். எந்த மாதிரி எந்த அடுக்கில் கிடைத்தது, எந்தெந்த ஆய்வுக்கூடங்கள் கணித்தன என்று அறிந்தவனின் ஒரு விடை, 'கல்தோன்றி மண்தோன்றா' என முழங்குவோரின் நூறு முழக்கங்களை விட வலிது.

திரைப்படங்களிலும் பொறுக்கத்தக்க மணிகள் உண்டு. இலெனின் பாரதி இயக்கிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018), ஏலக்காய் மூட்டை சுமந்து மலையிறங்கும் ஒருவன் கையகல நிலத்திற்கு ஏங்குவதையும், வாங்கிய நிலத்தை இழந்து அதே மண்ணில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளி ஆவதையும் காட்டுகின்றது. கோபி நயினாரின் 'அறம்' (2017), ஏவுகணம் விண்ணேறும் நிலத்தில் குடிநீரற்ற ஊரையும், ஆழ்துளைக் குழியில் வீழ்ந்த சிறுமியையும் அருகருகே நிறுத்திக் கேள்வி கேட்கின்றது. வினோத்ராசின் 'கூழாங்கல்' 2021இல் இராட்டர்டாம் திரைவிழாவில் முதன்மைப் பரிசாகிய புலி விருதைப் பெற்றது. குடிகாரத் தந்தையும் சிறுவனும் கொளுத்தும் வெயிலில் நடப்பதுதான் கதை. சொற்கள் மிகக் குறைவு. பூப்பெய்தியதை மறைத்துப் பள்ளி செல்லும் சிறுமியின் கதையாகிய 'அயலி' (2023) என்னும் தொடர், பெண் கல்வியைத் தடுக்கும் ஊர்க்கட்டுப்பாட்டை நேருக்கு நேர் எதிர்க்கின்றது.

இவற்றில் பேசப்படுவது ஏட்டுத் தமிழன்று, ஊர்த்தமிழ். அதனால் முகஞ்சுளிப்போர் பாவாணரை அறியாதோர். உலகவழக்கில் புழங்கும் சொற்களையும் தம் ஆராய்ச்சிக்குச் சான்றாகக் கொண்டவர் அவர். உழவனும் சுமையாளும் வழங்கும் சொற்களில் அகரமுதலிக்கு இன்னும் ஏறாதவை உண்டு. அவற்றைக் காதால் கேட்பதற்கேனும் இப்படங்கள் பயன்படும்.

வலையொலி என்பது இத்தலைமுறைக்குக் கிடைத்த புதிய திண்ணை. அச்சகம் வேண்டா, நிலையம் வேண்டா; கைப்பேசி ஒன்றே போதும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியூட்டப்பெற்றபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவ்விழப்பின் நினைவைச் சுமந்த ஈழத்தமிழர், 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். இன்று ஏடுகளோடு வாய்மொழி வரலாறுகளையும் அதில் காத்து வருகின்றனர். அதனைப் பின்பற்றி, ஒவ்வொரு வீட்டாரும் தம் பாட்டியின் கதையையும் விடுகதையையும் தாலாட்டையும் பதிந்து வைத்தால், அதுவே சிறந்த வலையொலி. எரிக்க முடியாத நூலகமும் அதுவே.

ஆட்டங்களை மறத்தலும் ஆகாது. கீழடி மண்ணிலிருந்து ஆட்டக்காய்களும் தாயக்கட்டையும் வெளிப்பட்டன. வைகைக் கரைச் சிறுவர்கள் ஆடிய ஆட்டத்தைத் தமிழச் சிறுவர்கள் மறந்தனர். பதினான்கு குழிகளில் எண்ணிப் போடும் பல்லாங்குழி கணக்கைக் கற்பிக்கும். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் மடக்கும் ஆடுபுலி ஆட்டம், எளியோர் ஒன்றுபட்டால் வலியோரை அடக்கலாம் என்பதைச் சொல்லாமலே உணர்த்தும். இவற்றோடு இன்னுமோர் ஆட்டமும் ஆடலாம்: இரவு உணவின்போது பிறமொழிச் சொல் கலவாமல் பேசுவது, தவறியவர் உண்டியலில் ஒரு காசு இடுவது. முதல் கிழமையில் உண்டியல் நிரம்பும். தந்தையின் காசே மிகுதியாக இருக்கும். அந்த நாணமே நல்லாசான். திங்கள் முடிவில் அக்காசைக் கொண்டு ஒரு தமிழ்நூல் வாங்குக.

ஆகவே தமிழர் இனி எதிர்ப்படும்போது, வெறும் புகழ்ச்சியோடு நில்லாமல், தாம் உண்மையாகப் படித்த ஒரு நூலை, பார்த்த ஒரு படத்தை, ஆடிய ஓர் ஆட்டத்தைப் பெயர் சுட்டி உரைக்க. படியாததைப் பரிந்துரைத்தல் பொய். படித்ததை மறைத்தல் கருமித்தனம். பல்லாவரத்துத் தோட்டத்தில் ஒருவர் ஒருவரிடம் சொன்னதே நாடறிந்த இயக்கமாயிற்று. ஒவ்வொரு தமிழன் வீட்டுத் திண்ணையும் பல்லாவரம் ஆகுக!