கடலும் நம் கோடை விடுமுறையும்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் வீடுகளில் எழும் முதற்பேச்சு ஊர்ப்பயணத்தைப் பற்றியது. அடுத்த பேச்சு கடலைப் பற்றியது. பெங்களூரில் வாழும் நமக்கு இது இயல்பே. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரிலிருந்து கிழக்கே சென்றாலும் மேற்கே சென்றாலும் 300 கிலோமீட்டருக்கு மேல் வழி நடந்தாலன்றிக் கடலைக் காண இயலாது. இங்கே நல்ல காற்று உண்டு. அக்காற்றில் உப்பு இல்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களிலிருந்து வந்த நம்மிற் பெரும்பாலோர் கடற்கரையிற் பிறந்தவரல்லர். மரச்சீனியும் வாழையும் தென்னையும் வைத்துப் பிழைத்த உள்நாட்டுக் குடிகள் நாம். ஆயினும் கடல் நமக்கு அயலாக இருந்ததில்லை. பாறசாலையிலிருந்து அது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவே. நாம் அதைத் தேடிப் போகாத நாளிலும் அது நம்மைத் தேடி வந்தது. பூவாறு, பொழியூர்ப் பக்கத்துப் பெண்கள் கூடையிற் சுமந்து வந்த சாளையும் அயிலையும் நெத்தோலியும் நம் முற்றத்திற்கு வந்த கடலே அன்றோ? இடவப்பாதி மழைக்கு முன் இரவிற் கேட்கும் இரைச்சலைக் கொண்டே, கடல் கோபமாக இருக்கிறது என்று நம் பாட்டிமார் சொல்லிவிடுவர். அகத்தியமலைப் பகுதியிற் பிறந்து நம் வயலோரம் ஓடிய நெய்யாறும் பூவாற்றில்தான் கடலுடன் கலக்கிறது. அங்கே பொழியை மணல் மூடுவதும், மழை வெள்ளம் மிகும்போது அது திறப்பதும் அவ்வூரார் ஆண்டுதோறும் காணும் காட்சி.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அக்கோடு நம் உறவுகளின் நடுவே சென்றது போலவே கடற்கரையின் நடுவேயும் சென்றது. பொழியூர் கேரளம், அதனை அடுத்த நீரோடி தமிழ்நாடு. இழுவலைக்குத் தடை விதிக்கும் காலமும் இரு பக்கத்திலும் ஒன்றன்று: தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் ஜூன் தொடக்கம் முதல் 61 நாள், கேரளத்தில் ஜூன் இரண்டாம் வாரம் முதல் 52 நாள். மீனும் மணலும் இக்கணக்கை அறியா. ஓரிடத்துக் கரையைக் காக்கக் கல்லைக் கொட்டினால், கரையோரம் நகரும் மணல் தடைப்பட்டு அடுத்த இடத்துக் கரை கரைகிறது. பொழியூர்ப் பகுதியிற் கடலரிப்பால் வீடிழந்த குடும்பங்கள் பல. நாம் நினைவிற் சுமந்து வந்த அகன்ற மணற்பரப்பைப் பல இடங்களில் இன்று தேடியும் காண இயலாது.

நம் ஏக்கம் உண்மையானதே. எனினும் அதனைக் கரைவாழ் மக்களின் ஏக்கத்தோடு வைத்துப் பார்ப்பது நலம். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் மீனவர் கொச்சித் துறைமுகத்தைச் சார்ந்து, சுறா தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலிற் கழிப்பவர்கள். நம்மைப் போலவே அவர்களும் பிழைப்பிற்காக ஊரைப் பிரிந்தவர்களே. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஓகிப் புயல் குமரிக் கடலிற் சீறியபோது இவ்வூர்களிலும் பூந்துறை, விழிஞ்ஞம் பகுதிகளிலும் பல வீடுகளின் ஆண்கள் திரும்பவில்லை. கடலைக் காணாது ஏங்குகிறோம் நாம். கடலுக்குச் சென்றவரைக் காணாது ஏங்குகிறார்கள் அவர்கள்.

இதனை இப்போது கூறுவதற்குக் காரணம் உண்டு. நாம் ஊருக்குச் செல்லும் சித்திரை, வைகாசித் திங்கள்களே நம் மேற்குக் கரையில் 'கள்ளக்கடல்' பொங்கும் காலம். நெடுந்தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் உண்டாக்கும் நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாட்களுக்குப் பின் நம் கரையை எட்டுகின்றன. இங்கே வானம் தெளிந்திருக்கும். காற்றும் அமைதியாகவே வீசும். கள்ளனைப் போல் சொல்லாமல் வருவதால் மீனவர் இட்ட அப்பெயரையே இன்று அறிவியலாரும் ஏற்று வழங்குகின்றனர். 2024 மே 6-ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை நிலவிய நாட்கள் அவை. அவர்களும் மகிழ்ச்சியிற் கடல் காணச் சென்ற இளைஞர்களே.

நகரத்திற் பிறந்த நம் பிள்ளைகளுக்குக் கடல் ஒரு காட்சிப்பொருள். அதன் குணத்தை அவர்கள் அறியார். அறிவிக்க வேண்டியவர்கள் நாமே. ஆதலின் பெற்றோர் மூன்றினைக் கைக்கொள்வார்களாக. ஒன்று, புறப்படுமுன் அன்றைய கடல் எச்சரிக்கையைப் பாருங்கள்; ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதனை வெளியிடுகிறது; நாளிதழிலும் வானொலியிலும் அது வரும். இரண்டு, ஆளில்லாத கரையைத் தேடாமல், வலை உலர்த்தும் மனிதர் உள்ள கரைக்குச் சென்று, இன்று இறங்கலாமா என்று அவர்களைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அச்சொல்லை மீறாதீர்கள். மூன்று, பொழிமுகத்திற் குளிக்காதீர்கள். ஆறும் கடலும் இழுக்கும் இடத்தில் நீச்சல் தெரிந்தவனுக்கும் நிலையில்லை.

பிள்ளைகளின் ஆசையைத் தணிப்பதற்காக இவற்றைக் கூறவில்லை. கடலைக் காட்டுவதோடு கடலோரத்து மக்களையும் அவர்களுக்குக் காட்டுங்கள். மீன் விற்கும் தாயிடம் விலை மட்டும் கேட்காது, மீனின் பெயரையும் அது வரும் பருவத்தையும் கேட்கச் சொல்லுங்கள். வாளை எது, நெய்மீன் எது, கணவா எது என்று நம் மொழியில் அறிந்து திரும்பும் பிள்ளை, பனிக்கட்டியில் வைத்து நகரச் சந்தைக்கு வரும் மீனைக் காணும்போதும் தன் ஊரை நினைக்கும்.

அன்பர்கள் நலமாகச் சென்று நலமாகத் திரும்புக.