‘அசெம்பிள் பண்ணினால் மிச்சம்’ என்னும் பழங்கணக்கு

சத்தியமங்கலத்தில் ஒரு வீட்டுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படுகிறது என்றால் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆலத்துக்கோம்பையிலுள்ள பண்ணாரி அம்மன் தொழில்நுட்பக் கல்லூரியில் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கலாம். பூ மண்டிக் கணக்கை டேலியில் ஏற்ற வேண்டியிருக்கலாம். இ-சேவை மையமோ ஜெராக்ஸ் கடையோ போடுகிற எண்ணமாக இருக்கலாம். எதுவானாலும் வரும் பதில் ஒன்றுதான்: “கம்பெனி கம்ப்யூட்டர் எதுக்குங்க, பேருக்குத்தான் காசு. அசெம்பிள் பண்ணிக்குங்க, பாதி விலையில முடிஞ்சுரும்.” கோவை காந்திபுரத்துக் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பல ஆண்டுகளாக இதே பேச்சுதான். கையில் 20,000 ரூபாயோ 30,000 ரூபாயோ வைத்திருக்கும் குடும்பத்துக்கு இன்றைய தேதியில் இந்த யோசனை தவறானது. ஒரு காலத்தில் இது சரியாக இருந்தது என்பதுதான் இதைக் கேள்வி கேட்க முடியாததாக ஆக்கி வைத்திருக்கிறது.

அந்தக் காலத்தை முதலில் பார்த்துவிடலாம். 1990-களில் எச்.சி.எல்., விப்ரோ, ஜெனித் போன்ற கம்பெனிகள் விற்ற மேசைக் கணினியின் விலைக்குள் கலால் வரி, விற்பனை வரி, விண்டோஸ் உரிமக் கட்டணம், விளம்பரச் செலவு எல்லாம் அடங்கியிருந்தன. கடையில் கோத்துக் கொடுத்தவருக்கு இவற்றில் பாதி கிடையாது. சிறுதொழில் என்ற வகையில் கலால் வரி அவரைத் தொடவில்லை. பல நேரம் பில்லே கிடையாது. விண்டோஸ் ஒரு திருட்டு சி.டி.யிலிருந்து இறங்கியது. ஆக விலையில் இருந்த இடைவெளிக்குப் பெரும் காரணம் வரியும் உரிமமும்தான். கம்பெனிக்காரர் கொள்ளையடித்தார் என்பதோ, கடைக்காரர் சாமர்த்தியசாலி என்பதோ அதில் சிறுபகுதி. பிறகு நிலைமை மாறியது. 1997-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் சேர்ந்ததையொட்டி, கணினிக்கும் அதன் முக்கிய பாகங்களுக்கும் இறக்குமதித் தீர்வை படிப்படியாக இல்லாமல் போனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பின் கலால், விற்பனை வரி என்ற பிரிவினையும் ஒழிந்தது. இன்று போர்டு, ப்ராசசர், ராம் என்று தனித்தனியாக வாங்கினாலும், முழுக் கணினியாக வாங்கினாலும் 18 சதவீதம்தான். பழைய இடைவெளியின் அடித்தளம் போய்விட்டது; பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது.

அது நிற்பதற்குக் கொங்கு நாட்டில் தனிக் காரணமும் உண்டு. கம்பெனிக்காரன் செய்வதை நாமே பட்டறையில் பாதி விலைக்குச் செய்துவிடலாம் என்பது இங்கே வெறும் வாய்ப்பேச்சு அல்ல, வரலாறு. ஜி.டி. நாயுடு காலத்திலிருந்து மோட்டாரும் பம்புசெட்டும் கிரைண்டரும் இந்த மண்ணின் ஃபவுண்டரிகளிலும் லேத்துப் பட்டறைகளிலும் உருவாகி இந்தியா முழுவதும் போயிருக்கின்றன. ஆனால் அங்கே மிச்சம் எப்படி வந்தது? வார்ப்பு இங்கே ஊற்றப்பட்டது, காயில் இங்கே சுற்றப்பட்டது, கடைசல் இங்கே நடந்தது. உள்ளூர் உழைப்பும் உள்ளூர் அறிவும் பொருளுக்குள் போனதால்தான் விலை குறைந்தது. அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் அப்படி எதுவும் இல்லை. ப்ராசசர் இன்டெலுடையது அல்லது ஏ.எம்.டி.யுடையது. போர்டு தைவான் அல்லது சீனக் கம்பெனியுடையது. ராமுக்குள் இருக்கும் சில்லுகள் பெரும்பாலும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவரிடமிருந்து வருபவை. நம்முடையது அரைமணி நேர ஸ்குரூடிரைவர் வேலை. அந்த வேலைக்கான கூலி பெரிய தொழிற்சாலையிலும் அற்பம்தான். அதில் மிச்சம் பிடிக்க இடமே இல்லை. பாகங்களை வாங்கும் விலையிலோ நிலைமை தலைகீழ். லட்சக்கணக்கில் வாங்கும் டெல்லும் எச்.பி.யும் லெனோவோவும் இன்டெலிடம் நேராக விலை பேசுகின்றன. சத்தியிலுள்ள கடைக்கு அதே ப்ராசசர் இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கோவை மொத்தக் கடை என்று மூன்று கை மாறி, ஒவ்வொரு கையிலும் லாபம் ஏறி வருகிறது. பம்புசெட்டில் நாம் ஜெயித்த கணக்கு இங்கே செல்லாது.

அப்படியானால் 12,000 ரூபாய்க்கும் 15,000 ரூபாய்க்கும் ‘புது ஐ5 கம்ப்யூட்டர்’ கிடைக்கிறதே, அது எப்படி? விவகாரமே இதில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திறந்து போர்டைப் பார்த்தால் பெரும்பாலும் எச்61 என்ற சிப்செட் இருக்கும். இன்டெல் அதை 2011-ல் வெளியிட்டது, கைவிட்டு வெகுகாலமாகிறது. ஏதோ ஒரு பெயரில் அந்தச் சிப்செட்டை வைத்து இன்னும் போர்டுகள் வந்து கொண்டிருக்கின்றன. அதில் செருகப்படுவது பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய ஐ5-2400 அல்லது ஐ5-3470. முன்னது 2011-ல் வந்தது, பின்னது 2012-ல். கேபினட் புதுசு, விளக்கு எரிகிறது, எஸ்.எஸ்.டி. புதுசு, ஆகவே வேகமாகவும் திறக்கிறது. வாங்கியவர் ஐ5 என்ற பெயரை மட்டும் பார்க்கிறார். எட்டாம் தலைமுறை ஐ3 கூட அந்தப் பழைய ஐ5-ஐ முந்திவிடும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. புளியம்பட்டிச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டுக்கு விலை பேசாத விவசாயி, ப்ராசசரின் தலைமுறையைக் கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார். செகண்ட் ஹேண்ட் வேண்டாம், புதுசுதான் வேண்டும் என்று அசெம்பிள் பக்கம் போனவர் இவர். கைக்கு வந்ததோ பத்து ஆண்டுகளுக்கும் மேல் பழைய மூளை.

அடுத்து, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு சேர்ந்தே வரும் இந்தப் பெட்டியில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கையில் எடுத்துப் பார்த்தாலே எடை இருக்காது. ஸ்டிக்கரில் உள்ள சக்தியைத் தொடர்ந்து தரும் திறனும், மின்னழுத்தம் எகிறும்போது தன்னை அணைத்துக்கொள்ளும் காவல் சுற்றுகளும் தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான் ஒழுங்காக இருக்கும். விலையைக் குறைப்பவர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். கரண்ட் போய்ப் போய் வரும், ஐப்பசி மாதத்தில் இடி இடிக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. மலிவான எஸ்.எம்.பி.எஸ். சாகும்போது பல நேரம் போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகிறது.

மூன்றாவது விண்டோஸ். முறையாக வாங்கினால் 10,000 ரூபாயை ஒட்டிய செலவு. அசெம்பிள் விலைப்பட்டியலில் அது பூஜ்ஜியம். கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக் கொடுத்து, அது கெட்டுவிடக் கூடாதென்று அப்டேட்டையும் நிறுத்தி வைப்பது வழக்கம். இதன் விலை என்ன என்பதை 2017 மே மாதம் உலகம் பார்த்தது. வான்னாக்ரை என்ற வைரஸ் கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டபோது, மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அப்டேட் ஏற்றாத இயந்திரங்கள்தான் அடிபட்டன. மண்டிக் கணக்கு மொத்தமும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர் இந்த ஆபத்தோடுதான் 10,000 ரூபாயை மிச்சம் பிடிக்கிறார்.

நேர்மையாகக் கோத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3, அதற்கேற்ற எச்610 போர்டு, 8 ஜி.பி. ராம், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., கேபினட், பெயர் சொல்லக்கூடிய எஸ்.எம்.பி.எஸ். இவையே 2025-ன் நடுவில் ஏறத்தாழ 22,000 முதல் 25,000 ரூபாய் வரை பிடித்தன. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், விண்டோஸ் எதுவும் இதில் சேரவில்லை. சேர்த்தால் 40,000-ஐத் தொட்டது. அந்த விலைக்குக் கம்பெனி மேசைக் கணினியே விண்டோஸோடு வந்தது. போதாததற்கு 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை மடங்குக் கணக்கில் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக் கொண்டுபோனதே காரணம். அந்த டிசம்பரில், சில்லறை வாடிக்கையாளருக்கான க்ரூஷியல் வணிகத்தை மூடப்போவதாகவே மைக்ரான் அறிவித்தது. நீண்டகால ஒப்பந்தம் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளை இந்த ஏற்றம் தாமதமாகத் தொடும். ஒற்றை ராம் வாங்கக் கடைக்குப் போகிறவரை அன்றைக்கே தொடும்.

புதுக் கம்பெனிக் கணினியும் 40,000, கோத்ததும் 40,000 என்றால் 20,000 வைத்திருப்பவர் என்ன செய்வது? அலுவலகங்கள் கழித்துவிட்ட கம்பெனிக் கணினியை வாங்கலாம். பெங்களூரிலும் கோவையிலும் உள்ள பெரிய நிறுவனங்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கணினிகளை மொத்தமாக மாற்றுகின்றன. டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060, எச்.பி. எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720 போன்றவை அப்படித்தான் சந்தைக்கு வருகின்றன. ஆறு கோர் கொண்ட ஐ5-8500 ப்ராசசரோடு, ராமோடு, எஸ்.எஸ்.டி.யோடு, பெட்டி மட்டும் 15,000-ஐச் சுற்றிக் கிடைக்கும். விண்டோஸ் உரிமம் போர்டிலேயே பதிந்து வந்திருக்கும். நாள் முழுக்க ஓட வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டவை இவை, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அந்தக் கணக்கில் செய்யப்பட்டது. எட்டாம் தலைமுறை என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை இயந்திரங்கள் இப்போது அடிமாட்டு விலைக்கு வருவதற்கு இதுதான் காரணம். அதே அளவுகோலில் எச்61 போர்டுக்குப் பேச்சே இல்லை.

“ஊரான் தேய்த்துத் தள்ளியதை ஏன் வாங்க வேண்டும்?” என்பார்கள். தேய்வது எது என்று பார்க்க வேண்டும். ப்ராசசர் அவ்வளவு எளிதில் தேயாது. ஃபேன் தேயும், ஹார்டு டிஸ்க் தேயும், இரண்டும் மலிவாக மாற்றக்கூடியவை. உண்மையான குறை வாரண்டி. கம்பெனி வாரண்டி முடிந்திருக்கும். விற்பவர் தருவது சில மாதமோ ஓராண்டோதான். இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அசெம்பிள் செய்ததன் வாரண்டி என்பதும் காகிதத்தில் தெரிகிற அளவுக்குக் கனமானதல்ல. போர்டுக்கு ஒரு கம்பெனி, ராமுக்கு ஒன்று, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒன்று. எது கெட்டது என்று கண்டுபிடிப்பது வாங்கியவர் தலையில் விழும். சர்வீஸ் சென்டருக்கு சுமார் 70 கிலோமீட்டர் தள்ளிக் கோவைக்குப் போக வேண்டியிருக்கும். திரும்பி வரும்வரை கம்ப்யூட்டர் கிடையாது. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் அந்த வாரண்டியும் இல்லை.

பிற்காலத்தில் பாகங்களை மாற்றிக்கொள்ளலாமே என்பது இதைவிடப் பலமான ஆட்சேபம். ஆப்டிப்ளெக்ஸின் சிறிய பெட்டியில் எஸ்.எம்.பி.எஸ். தனி அளவு, கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பொருந்தாது, 200 வாட் அளவுதான் இருக்கும், கிராபிக்ஸ் கார்டு குட்டையாகத்தான் போடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கெழுதவும் படிக்கவும் ஆதார் திருத்தவும் வாங்கிய கம்ப்யூட்டரில் ராம், எஸ்.எஸ்.டி. தவிர எதை யார் மாற்றுகிறார்கள்? அவை இரண்டையும் இதிலும் மாற்றலாம். இன்டெலே இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிடுவதால், அசெம்பிளிலும் ப்ராசசரை மாற்றப் போனால் போர்டும் சேர்ந்தேதான் போகிறது. லினக்ஸ் போட்டால் உரிமச் செலவு இல்லையே என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. கழித்துவிட்ட ஆப்டிப்ளெக்ஸிலும் உபுண்டு நன்றாகவே ஓடும். பிள்ளை கோத்துப் பழகட்டும் என்றால் பழைய இயந்திரம் ஒன்றைப் பிரித்து மாட்டட்டும். வீட்டின் ஒரே கம்ப்யூட்டர் பயிற்சிப் பொருளாக வேண்டியதில்லை.

கோக்கத்தான் வேண்டும் என்ற இடமும் உண்டு. கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்யும் ஸ்டுடியோ, முப்பரிமாண வடிவமைப்பு படிக்கும் மாணவர், விளையாட்டுக்கென்றே வாங்குபவர் ஆகியோருக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் பிரதானம். அதற்கேற்ற எஸ்.எம்.பி.எஸ்., காற்றோட்டமுள்ள கேபினட் எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். அங்கே கம்பெனிகள் வாங்கும் விலைக்கு மிஞ்சிய லாபம் வைக்கின்றன. 60,000, 70,000 என்று செலவழிக்கும் அவர்களுக்குச் சரியாக வரும் யோசனையை 20,000-க்காரரிடம் சொல்வதுதான் கோளாறு.

கடைக்காரர் பிழைப்பு என்னாவது என்று கேட்கலாம். இந்த நம்பிக்கையால் அவர் ஒன்றும் கொழுத்துவிடவில்லை. ஆன்லைன் விலையைக் கைபேசியில் காட்டிப் பேரம் பேசும் வாடிக்கையாளர், போர்டில் 200 ரூபாய் லாபத்துக்கும் விடுவதில்லை; கோத்துக் கொடுக்கும் கூலியோ இலவசம் என்பது எழுதாத சட்டம். அந்தக் கூலியை அவர் எங்காவது எடுத்துத்தான் ஆக வேண்டும். எடை இல்லாத அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் எடுக்கிறார். கழித்த இயந்திரங்களை வாங்கி, துடைத்து, ஃபேன் மாற்றி, ஓராண்டு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பில் போட்டுத் தரும் கடைகள் இப்போது ஆங்காங்கே வந்திருக்கின்றன. அவர்கள் பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று 1,000 ரூபாய் தனியாக எழுதினால், அதில் பேரம் பேச வேண்டாம்.