இன்ஜின் வேலை முடிந்த டிராக்டருக்கு எந்த ஆயில்?

திருவண்ணாமலை மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவரிடம் 20 வருடப் பழைய டிராக்டர் இருக்கிறது. புகை தள்ளியதால் இன்ஜினை இறக்கி, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறார். நகையை அடகு வைத்துச் செய்த வேலை. விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் ஊற்றச் சொல்கிறார் கடைக்காரர். முதல் சில மணி நேரத்துக்குப் பழைய ஆயிலே போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். அடுத்த வாரம் வாடகைக்குச் சேடை ஓட்டவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். எதைக் கேட்பது?

பதில்: இரண்டு யோசனையும் வேண்டாம். டிராக்டரோடு வந்த கையேட்டில் உள்ள கிரேடில், டீசல் இன்ஜினுக்கான சாதாரண மினரல் ஆயில் போதும். பழைய டிராக்டர்கள் பலவற்றுக்கு அது 20டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 ஆக இருக்கும். டப்பாவின் பின்புறம் ஏபிஐ என்ற எழுத்துக்கு அருகில் சிஎஃப்-4, சிஎச்-4, சிஐ-4 என ‘சி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் தரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘எஸ்’ எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் இன்ஜினுக்கானது. அது மட்டும் போட்ட ஆயில் டிராக்டருக்கு ஆகாது.

ஏன் சிந்தெடிக் வேண்டாம்? புது லைனரின் உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும். ஹோனிங் செய்யும்போது வேண்டுமென்றே போடப்படுபவை அவை. முதல் சில மணி நேர ஓட்டத்தில் ரிங்கும் சுவரும் ஒன்றையொன்று லேசாகத் தேய்த்து, மேடு தட்டி, பொருந்திக்கொள்ளும். இதைத்தான் ரிங் உட்காருவது என்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் உரசல் தேவை. வழுக்கல் மிகுந்த ஆயிலும், உராய்வைக் குறைப்பதாகச் சொல்லி விற்கும் கூடுதல் மருந்துகளும் இந்தப் பொருத்தத்தைத் தாமதப்படுத்தக்கூடும். ரிங் நன்றாக உட்கார்ந்த பிறகு, கையேடு அனுமதித்தால் சிந்தெடிக்குக்கு மாறலாம்.

பழைய ஆயிலில் கரியும் இரும்புத் தூளும் கலந்திருக்கும். புது பேரிங்கில் மணலைப் போட்டு அரைப்பதற்குச் சமம் அது.

ஆயிலைப் போலவே முக்கியம், ஓட்டும் முறை. புது இன்ஜினை மணிக்கணக்கில் சும்மா ஓடவிட்டுப் பதப்படுத்துவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் பெரிய தவறு. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் போய் அதைச் சுவரோடு அழுத்தினால்தான் ரிங் உட்காரும். சுமை இல்லாமல் ஓடும்போது அந்த அழுத்தம் போதாது. ஆயில் சுவரிலேயே காய்ந்து கண்ணாடி போலப் படிந்துவிடும். பிறகு எத்தனை ஆயில் மாற்றினாலும் நீலப் புகை நிற்காது. இன்ஜினை மறுபடி இறக்கி ஹோனிங் செய்வதுதான் வழி.

முதல் நாள் செய்ய வேண்டியவை: ஃபில்டர் புதிதாக இருக்க வேண்டும். ஸ்டாப் ராடை இழுத்துப் பிடித்தபடி, நடுநடுவே நிறுத்தி, ஆயில் பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். பிறகு ஸ்டார்ட் செய்து, கசிவு இருக்கிறதா, தண்ணீர்ச் சூடு சரியா என்று பார்த்துவிட்டு, சூடேறியதும் சுமைக்குக் கொண்டுபோகலாம்.

முதல் 10 மணி நேரம், பாதி பாரம் ஏற்றிய டிரெய்லர், உழுத மண்ணில் ஐந்து கொழு கலப்பை போன்ற மிதமான வேலை. ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். இன்ஜின் திணறும் கியரில் இழுக்கக் கூடாது. அதன்பின் படிப்படியாகச் சுமையைக் கூட்டலாம். 50 மணி நேரம் வரை முழுச் சுமை வேண்டாம். தினமும் காலையில் ஆயில் அளவுக்கம்பியைப் பார்க்க வேண்டும்.

50 மணி நேரம் ஆனதும், கையேடு அதற்கு முன்பே சொன்னால் அப்போதே, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். ஆயில் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடக் கூடாது. தேய்ந்த தூள் அதில்தான் இருக்கிறது. வடித்த ஆயிலில் மெல்லிய சாம்பல் நிற மினுக்கு இருந்தால் பயமில்லை. தகடு தகடாகவோ செம்பு நிறத்திலோ துகள் வந்தால், வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். டேப்பெட் இடைவெளியையும் அப்போது சரிபார்ப்பது நல்லது.

வீட்டில் பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்து, அதன் இன்ஜினைப் புதுப்பிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் டேப்பெட்டின் மேல் உரசியபடி சுற்றும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் போதிய அளவு இருக்க வேண்டும். இன்றைய கார்களின் புகைச் சுத்திகரிப்பானைக் காக்க, மெல்லிய பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே அம்பாசடருக்கு அந்த மெல்லிய ஆயில் வேண்டாம். 20டபிள்யூ-50 மினரல் ஆயிலே பொருந்தும். கேம் ஷாஃப்ட் புதிது என்றால், முதல் 20 நிமிடம் ஐட்லிங்கில் விடாமல் சுமார் 2,000 ஆர்பிஎம்மில் ஓட்டுவது வழக்கம்.

இனி வாசகரின் வாடகை வேலை. சேற்றில் சேடை ஓட்டுவது டிராக்டருக்கு முழுச் சுமை. நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் 50 மணி நேரம் பத்து நாளில் முடிந்துவிடும். அதுவரை சொந்த நிலத்துப் புழுதி உழவையும் எரு ஏற்றுவதையும் வைத்துக்கொண்டு, ஒப்புக்கொண்ட சேடையை வேறு வண்டிக்காரரிடம் விட்டுவிடலாம். போவது பத்து நாள் வாடகை. ரிங் உட்காராமல் போனால், அடகு வைத்த நகையை மீட்கும் முன்பே அடுத்த நகையைத் தேட வேண்டியிருக்கும்.