மழையை எண்ணும் பெட்டி நமக்கும் பதில் சொல்ல வேண்டும்



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலைகள் சரிந்ததையும், நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் மாண்டதையும் உங்களுக்கு நான் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்த உங்களில் ஒருவர் முகாமில் என்னிடம் சொன்னார்: "நேரத்தோடு யாராவது சொல்லியிருந்தா மாட்டையாச்சும் அவிழ்த்து விட்டிருப்போமே சாமி." அந்த வார்த்தை மனதில் கிடந்த நாட்களில்தான் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓர் இளைஞர் தான் செய்த பெட்டியொன்றைக் கொண்டுவந்து காட்டினார்.

பெட்டிக்குள் இருப்பது தீப்பெட்டி அளவேயான மின்பலகை. மைக்ரோ கொன்ட்ரோலர் என்பார்கள். 2005இல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோவும், 2014இல் சீனாவிலிருந்து வந்த மலிவான ஈ.எஸ்.பி. 8266உம் பொழுதுபோக்காக மின்னணுவியல் பழகும் பிள்ளைகளின் கைகளில் இன்று சாதாரணமாகப் புழங்குகின்றன. இவர் அதனோடு புனலொன்றையும், அதன் கீழே ஏற்றப்பலகை போல மாறி மாறிச் சாயும் இரு சிறு கிண்ணங்களையும் பொருத்தியிருந்தார். கிண்ணம் ஒருமுறை சாய்ந்தால் 0.2 மில்லிமீற்றர் மழை என்பது அவர் வைத்த அளவு. 750 தடவை சாய்ந்தால் 150 மில்லிமீற்றர்.

எண்ணுவது இலகு. எண்ணியதை எங்கே சொல்வது? பக்கத்தில் வைத்த கைத்தொலைபேசியின் இணைய இணைப்பை வாங்கிக்கொண்டு, தூரத்தில் எங்கோ இருக்கும் சேர்வர் எனும் பெரிய கணினியைப் பெட்டி அழைக்கிறது. படம் இல்லை, அலங்காரம் இல்லை. தந்தி அடிப்பதுபோல ஒரே ஒரு வரி எழுத்து. இடம், நேரம், மழையின் அளவு. வரி முடிந்தது என்ற அடையாளம் கிடைத்ததும் சேர்வர் அதைப் பதிந்துகொண்டு தானும் ஒரு வரி திருப்பி அனுப்பலாம். தபால் கந்தோர் ஜன்னலில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு ஏதும் வந்திருக்கிறதா?" என்று கேட்பதைப் போன்றதுதான் இது.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் தென் சுவிற்சர்லாந்துப் பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகமும் 2016இல் தொடங்கிய திட்டத்தில், வடமேல் மாகாணத்தின் தெதுறு ஓயாப் பள்ளத்தாக்கில் ஆர்டுயினோ பலகைகளைக் கொண்டே மலிவான வானிலை நிலையங்களை நிறுவின. கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக அவை சேர்வருக்குத் தகவல் அனுப்பின. அங்கே செய்ய முடிந்ததை நம் மலைகளில் செய்யத் தடை என்ன?

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் மழையை மட்டும் மேலே அனுப்பிவிட்டு வாய்மூடி நிற்கும் பெட்டி நமக்கு வேண்டாம். கொழுந்து போல, மேலே போனது போனதுதான் என்றாகிவிடும். தோட்டத்துக்கு வந்த கடிதம் கந்தோரிலேயே தங்கி, நேர்முகத் தேர்வுத் திகதி கடந்தபின் லயத்துக்கு வந்த கதை நமக்குத் தெரியாததா? சேர்வரின் பதில் வரி லயத்துக்கே வரவேண்டும், தமிழில் வரவேண்டும். டித்வா நாட்களில் தமிழில் எச்சரிக்கை பிந்தியது என்ற குறை நாடறிய எழுந்தது.

இங்கே சிக்கல் ஒன்று உண்டு. இந்த இளைஞர்கள் வாங்கும் இரண்டு வரி எழுத்துத் திரையில் ஆங்கில எழுத்துகள் ஏற்கெனவே பதிந்திருக்கின்றன, ஜப்பானிய எழுத்துகள்கூடப் பெரும்பாலும் இருக்கின்றன. தமிழ் இல்லை. நாமே வரைந்து சேர்க்க எட்டே எட்டு இடம்தான். எட்டு எழுத்தில் எந்தத் தமிழை எழுதுவது? குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். ஆங்கிலத்துக்கு 160 குறிகள், தமிழுக்கு 70. அந்தத் தம்பி இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார். சேர்வரிலிருந்து ஓர் எண் மட்டும் வருகிறது. எண் வந்ததும், முன்னமே பதிவுசெய்த தமிழ்க் குரல் ஒலிபெருக்கியில் பேசுகிறது. குரல் அவருடைய பாட்டியுடையது. லயத்தில் அந்தக் குரலுக்கு எழும்பாதவர் இல்லையாம்!

வாசிக்கத் தெரியாதவருக்கும் வலையமைப்பு உதவும் என்பதற்கு நம் மலைகளிலேயே முன்மாதிரி உண்டு. கொத்மலைச் சமூக வானொலிக்கு 1999இல் யுனெஸ்கோ உதவியுடன் இணையம் வந்தது. நேயர்கள் கேள்வி அனுப்பினார்கள். நிலையத்தில் இருந்தவர்கள் இணையத்தில் தேடி, விளக்கத்தை மக்கள் மொழியில் வானொலியில் சொன்னார்கள். கணினியைத் தொடாத விவசாயியும் பயன் பெற்றார்.

பெருமழையில் கைத்தொலைபேசிக் கோபுரமே செயலிழந்தால்? டித்வாவில் பல இடங்களில் அதுவே நடந்தது. ஆகவே சேர்வரை மட்டும் நம்பிப் பெட்டி இருக்கக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்துள்ள அளவுகள் தெளிவானவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 ஆனால் அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால் வெளியேற்றம். இந்த எண்களைப் பெட்டிக்குள்ளேயே எழுதிவைக்கலாம். இணைப்பு அறுந்தாலும், பற்றரி இருக்கும்வரை அது எண்ணும், கூவும். ஆனால் சரிவில் விரிசலோ, சேற்றுநீர் ஊற்றோ கண்டால் எந்தப் பெட்டிக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே விலகுங்கள்.

கூவிய பிறகு எங்கே போவது? இதுதான் பெட்டியால் பதில் சொல்ல முடியாத கேள்வி. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயங்கள் மண்ணில் புதைந்தன. அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். கருவி இல்லாமல் அவர்கள் சாகவில்லை. போக வேறு காணி இல்லாமல் செத்தார்கள். இதை மறைத்துவிட்டுப் பெட்டியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் பெட்டியின் கணக்கு காணிப் பேச்சுக்கும் உதவும். ஒவ்வொரு நாளும் அது எண்ணியதைச் சேர்வர் வைத்திருக்கட்டும், லயத்திலும் ஒரு கொப்பியில் யாராவது எழுதி வைக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை நன்றாகச் செய்வார்கள். பிரதேச செயலகத்தில் மாற்றுக் காணி கேட்டு நிற்கும்போது, "மழை அதிகம் ஐயா" என்பதற்கும், இன்ன திகதி, இன்ன அளவு, இத்தனை தடவை என்று கொப்பியை மேசைமேல் வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அட்டன் தம்பி இன்னும் மூன்று பெட்டிகள் செய்யத் தயார் என்கிறார். சிம் அட்டைக்கு மாதாமாதம் காசு போடுவது யார், பற்றரியைப் பார்ப்பது யார், கொப்பி யார் வீட்டில் இருப்பது என்பதை உங்கள் கூட்டங்களில் முடிவுசெய்யுங்கள். தோட்டக் கந்தோரில் மட்டும் வைக்காதீர்கள், இரவில் அது பூட்டிக்கிடக்கும்.