மேடையில்லாத் தமிழ்

நம் தமிழ் மேடையில் முழங்குகிறது. மேடையை விட்டு இறங்கியதும் மௌனமாகிவிடுகிறது. ஓய்வு வேளையிலும் தமிழ் நம்மோடு இருக்க வேண்டாமா? அதற்கொரு வழி, காட்டில் கூடாரமடித்துத் தங்குவது.

ஜொகூரில் 1993இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா இருக்கிறது. குளுவாங்கிலிருந்து காஹாங் வழியாகக் கம்போங் பெத்தா சென்றால், அங்கிருந்து கோலா ஜாசின் முகாமை அடையலாம். உப்பே கூலிங் அருவிப் பாறைகளில் நீர் சுழன்று சுழன்று குடைந்த குழிகளைக் காணலாம். அங்கு வாழும் ஜக்குன் பூர்வகுடியினர் மரஞ்செடிகளைப் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். நாமோ தேர்வுக்காக ஐந்திணைகளை ஒப்புவிக்கிறோம். எதிரே நிற்கும் மரத்துக்கு நம்மிடம் தமிழ்ப்பெயர் இல்லை.

சென்ற விடுமுறையில் அங்கே தங்கினோம். மாலையில் மெகி சமைத்தோம். கைப்பேசிக்கு லைன் கிடைக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களும் படிக்காதவர்களும் பாட்டிமார் சொன்ன தோட்டக் கதைகளைத் தமிழிலேயே பகிர்ந்துகொண்டோம். பிழை பிடிக்க நீதிபதி யாரும் இல்லை. அதனால் பேசத் தயங்குபவர்களும் பேசினார்கள்.

நம் சங்கத்தின் ஆண்டுத் திட்டத்தில் பட்டிமன்றம் தொடரட்டும். அதனோடு, சொற்பொழிவே இல்லாத ஓர் இரவு முகாமும் இடம்பெறட்டும். புழங்காத மொழி, வென்ற கோப்பையைப் போல அலமாரியில்தான் இருக்கும். சிந்திப்போம், செயல்படுவோம்!